சிறந்த படம் எது என்ற சண்டைக்கு முன், படம் எங்கே இருக்கிறது?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்போ, கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தியோ, ஐம்பது வயதைத் தாண்டிய நான்கு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டால் பேச்சு எப்படியும் பழைய படங்களுக்கு வந்துவிடும். ஒருவர் 'கர்ணன்' என்பார். எதிரே இருப்பவர் விடமாட்டார், 'நாடோடி மன்னன்' என்பார். பக்கத்து மேசையிலிருந்து மருமகப்பிள்ளை ஒருவர் 'நாயகன்' என்று ஒரு குரல் கொடுப்பார். தே தாரேக் ஆறிப்போகும், முடிவு மட்டும் வராது. எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று தோட்டத்து லயங்களில் தொடங்கிய சண்டை, பட்டணத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகும் ஓயவில்லை.

இதே சண்டையை உலக அளவில் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்துகிறார்கள். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டு, உலகின் தலைசிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. ஒவ்வொருவரும் பத்துப் படங்களின் பெயரைத் தரவேண்டும். பத்துக்கும் ஒரே மதிப்புதான். அதிகம் பேர் சொன்ன படம் முதலிடத்துக்கு வரும்.

கடைசியாக 2022-இல் நடந்த வாக்கெடுப்பு பெரிய பரபரப்பைக் கிளப்பியது. பெல்ஜியம் நாட்டு இயக்குநர் ஷான்டால் அகர்மன் 1975-இல் எடுத்த 'ஜான் டீல்மான்' முதலிடம் பிடித்தது. கணவனை இழந்த ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பது, படுக்கை விரிப்பது, மகனுக்குச் சோறு போடுவது என்று மூன்று நாள் வாழ்க்கையை மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டும் படம் அது. ஒரு பெண் இயக்கிய படம் இந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. 2012-இல் முதல் முப்பதுக்குள்கூட இல்லாத படம் ஒரே தாவலில் உச்சிக்கு வந்ததும், ஹாலிவுட் இயக்குநர் பால் ஷ்ரேடர் உட்படப் பலர் ஆட்சேபம் கிளப்பினார்கள். இது சினிமாவுக்கு விழுந்த வாக்கு அல்ல, காலத்தின் அரசியலுக்கு விழுந்த வாக்கு என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். 2012-இல் 846 பேர் வாக்களித்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 1,600-ஐத் தாண்டியது. வாக்காளர் பட்டியல் மாறினால் தேர்தல் முடிவு மாறும் என்பது இந்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயம் அல்ல. ஆனால், 70 ஆண்டு முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஆட்சேபித்தவர்களும் ஆதரித்தவர்களும் அதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

கைக்கு எட்டிய படமே பட்டியலுக்கு வரும்

1952-இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் இத்தாலியின் 'சைக்கிள் திருடர்கள்' முதலிடம் பெற்றது. அப்போது அந்தப் படத்துக்கு வயது நான்குதான். 1941-இல் வெளிவந்த ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அந்த முதல் பத்தில் இல்லவே இல்லை. வெளியான காலத்தில் நட்டம் கண்டு பெட்டிக்குள் போன படம் அது. 1950-களின் நடுவில், அதைத் தயாரித்த ஆர்.கே.ஓ நிறுவனத்தின் பழைய படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போயின. 'சிட்டிசன் கேன்' மறுபடியும் மக்கள் கண்ணில் பட்டது, திரையரங்குகளுக்கும் திரும்பியது. 1962-இல் அது முதலிடம். அதையும் சேர்த்து 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து அதே இடம். படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை. பார்க்கும் வழி மட்டும் திறந்தது.

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' கதை இதைவிடச் சுவையானது. 1958-இல் வந்தபோது வரவேற்பு சுமார்தான். பின்னர் அதன் உரிமை ஹிட்ச்காக்கிடமே இருந்ததால், பல ஆண்டுகள் அது திரையரங்கில் ஓடவில்லை. அவர் 1980-இல் மறைந்த பிறகுதான் மறுவெளியீடு கண்டது. 1996-இல் படச்சுருளைச் செப்பனிட்டுப் புதுப் பிரதி போட்டார்கள். இனிப் பட்டியலைப் பாருங்கள்: 1982-இல் 7-ஆம் இடம், 1992-இல் 4, 2002-இல் 2, 2012-இல் 1. பார்த்தவர்கள் நினைவில் மட்டும் இருந்தபோது ஏழு. எல்லாரும் பார்க்க முடிந்த பிறகு ஒன்று.

'ஜான் டீல்மான்' விஷயமும் அப்படித்தான். திரைப்பட விழாவிலும் கல்லூரி வகுப்பிலும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் படம் 2009-இல் அமெரிக்காவில் நல்ல தரமான டிவிடியாக வந்தது. ஒரு புதுத் தலைமுறை வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தது. 2022-இல் வாக்களித்தவர்களில் அந்தத் தலைமுறையும் உண்டு.

கைக்கு எட்டிய படம் எல்லாம் காவியமாகிவிடாது. எங்கும் கிடைத்தும் யாரும் சீண்டாத படங்கள் ஆயிரம் இருக்கின்றன. ஆனால், எட்டாத படம் போட்டியிலேயே இல்லை. வேட்புமனுவே தாக்கல் செய்யாத வேட்பாளர் எப்படி ஜெயிப்பார்?

தீயில் வெந்த அப்பு

இந்தியப் படங்களில் இந்தப் பட்டியல்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவது சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. லண்டனில் வேலை நிமித்தமாக இருந்தபோது 'சைக்கிள் திருடர்கள்' பார்த்துவிட்டு, இப்படித்தான் படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்து ஊர் திரும்பியவர் ராய். பணமில்லாமல் பாதியில் நின்ற படத்துக்கு மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. 1955-இல் படம் வெளிவந்தது, மறுவருடம் கான் விழாவில் பரிசு வாங்கியது.

பலருக்குத் தெரியாதது அதன் பிற்காலக் கதை. 1993-இல் லண்டனில் ஒரு திரைப்பட ஆய்வுக்கூடத்தில் தீப்பிடித்தது. ராயின் 'அப்பு' வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்களும் அங்கேதான் இருந்தன. கருகி, சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போன அந்தச் சுருள்களை யாரும் குப்பையில் வீசவில்லை. அமெரிக்காவின் ஆஸ்கார் அகாடமி அவற்றை அப்படியே வாங்கிப் பாதுகாத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு, இத்தாலியின் பொலோன்யா நகரில் உள்ள ஒரு கூடத்தில் அவற்றை மருந்துக் கரைசலில் ஊறவைத்து, ஓரத் துளைகளைக் கையால் ஒட்டி, பிரேம் பிரேமாகச் சரிசெய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி' மூலச் சுருளில் பாதிக்கும் குறைவான பகுதிதான் தேறியது. மீதியை வேறு நாடுகளில் இருந்த நல்ல பிரதிகளிலிருந்து எடுத்து இணைத்தார்கள். 2015-இல் படம் புத்தம் புதிதாகத் திரைக்கு வந்தது. 2012-இல் 40-க்கும் கீழே இருந்த படம் 2022-இல் 35-ஆம் இடத்துக்கு ஏறியது.

தமிழுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதில் கதாநாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். தமிழின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். ஒரு பெண் இயக்கிய படம் உலகின் முதலிடத்துக்கு வந்ததாக 2022-இல் உலகமே பேசியது. தமிழில் முதல் பெண் இயக்கிய படத்தை நல்லது என்றோ சுமார் என்றோ சொல்லக்கூட வழியில்லை. பார்க்கக் கிடைப்பதில்லை.

பழைய படச்சுருளில் வெள்ளிச் சத்து உண்டு. ஓடி முடிந்த படங்களின் சுருள்களை எடைக்குப் போட்டு, அந்த வெள்ளியைப் பிரித்தெடுத்த காலம் இந்தியாவில் இருந்தது. பிலிமைக் கழுவி வளையல் செய்ததும் உண்டு. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-இல்தான் தொடங்கியது. அதற்குள் போனவை போனவைதான்.

இருப்பதைத் தூசு தட்டி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964 பொங்கலுக்கு வந்தது. அதே நாளில் எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்காரன்'. அந்த மோதலில் யார் வென்றார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. கொட்டிய பணத்துக்கு ஏற்ற வசூலை 'கர்ணன்' அப்போது தரவில்லை என்பதை மட்டும் சிவாஜி ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். 2012-இல் ஒலியையும் ஒளியையும் சீர்செய்து டிஜிட்டலில் மறுபடி வெளியிட்டபோது, சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. 1964-இல் பிறக்காதவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' மறுவெளியீட்டிலும் கூட்டம். கல்யாண வீட்டு மேசையில் இன்று 'கர்ணன்' முதலில் வருவதற்கு சிவாஜியின் நடிப்பு ஒரு காரணம் என்றால், 2012-இல் அந்தச் சுருளைச் சுத்தம் செய்தவர்கள் இன்னொரு காரணம்.

'நாயகன்' 2005-இல் அமெரிக்காவின் 'டைம்' இதழ் வெளியிட்ட எக்காலத்துக்கும் சிறந்த 100 படங்களில் இடம் பிடித்தது. தமிழர் எல்லாரும் பெருமைப்பட்டார்கள், அதில் தவறில்லை. அந்த நூறைத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் 'உதிரிப்பூக்கள்' பார்த்தார்களா? 'அந்த நாள்' பார்த்தார்களா? பாட்டே இல்லாமல், ஒரு கொலையை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சொல்லும் 'அந்த நாள்' 1954-இல் எடுக்கப்பட்டது. ஆங்கில வசனத்தோடு ஒரு நல்ல பிரதி கையில் கிடைக்காத வெளிநாட்டு விமர்சகரை எப்படிக் குறை சொல்வது?

ஜாலான் அம்பாஸ் விட்டுச் சென்றவை

சரி, அதெல்லாம் சென்னைக் கதை, கல்கத்தாக் கதை. இந்த மண்ணில் எடுத்த படங்களின் நிலை என்ன?

சிறந்த மலாய்ப் படம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் பி. ரம்லியின் படங்களில் ஒன்றைத்தான் சொல்வார்கள். 'இபு மெர்துவாக்கு', 'பெனாரேக் பெச்சா' என்று பட்டியல் நீளும். அந்தப் பொற்காலத்தைக் கட்டி எழுப்பியதில் இந்திய இயக்குநர்களின் பங்கு பெரியது. ரம்லியை 1948-இல் 'சிந்தா' படத்தில் அறிமுகப்படுத்தியவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1950-இல் 'பக்தி' படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியவர் பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். 1956-இல் 'ஹங் துவா'வையும் 'அனாக்கு சசாலி'யையும் இயக்கியவர் பணி மஜும்தார். 'ஹங் துவா' பெர்லின் திரைப்பட விழாப் போட்டிக்குப் போனது. 'அனாக்கு சசாலி' 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லிக்குச் சிறந்த நடிகர் விருதை வாங்கித் தந்தது. இவை எல்லாம் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் உருவானவை. 1967-இல் அந்த ஸ்டூடியோ மூடப்பட்டது.

ரம்லி படங்கள் பிழைத்ததற்குத் தொலைக்காட்சிதான் பெரிய காரணம். ஆர்டிஎம் அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று தலைமுறை ஒரே படத்துக்குச் சிரித்தது. தோட்டத்தில் வளர்ந்த பலருக்கு 'புஜாங் லாப்போக்' வசனம் இன்றும் மனப்பாடம். 'சிட்டிசன் கேன்' கதையேதான், ஊர் மட்டும் வேறு.

ராஜ்ஹன்ஸ் 1930-களில் எடுத்த 'லைலா மஜ்னுன்'தான் இங்கு உருவான முதல் மலாய்ப் படம். அது இன்று இல்லை. ஷா சகோதரர்களுக்குப் போட்டியாக இருந்த கேத்தே கெரிஸ் நிறுவனம் 1957-இல் 'பொந்தியானாக்' என்ற பேய்ப்படத்தை வெளியிட்டுப் பெரும் வசூல் பார்த்தது. மரியா மெனாடோ நடித்தார். இயக்கியவர் பி.என். ராவ். 1939-இல் தமிழில் 'ரம்பையின் காதல்' எடுத்த அதே ராவ்தான். அடுத்தடுத்து 'டெண்டாம் பொந்தியானாக்', 'சும்பா பொந்தியானாக்' என்று மூன்று படங்கள். இந்த வட்டாரத்தில் இன்று ஓடும் பேய்ப்படங்களுக்கெல்லாம் பாட்டி என்று அந்த முதல் படத்தைச் சொல்லலாம். மூன்றில் முதல் இரண்டும் தொலைந்துவிட்டன. மூன்றாவது மட்டும் பிழைத்திருக்கிறது.

பிழைத்தவற்றைக் காப்பாற்ற சிங்கப்பூர் ஒரு வழி செய்தது. 2005-இல் தொடங்கிய ஆசியத் திரைப்படக் காப்பகம், கேத்தே கெரிஸின் 91 மலாய்ப் படங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2014-இல் அந்தத் தொகுப்பு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. கே.எம். பாஸ்கர் 1961-இல் இயக்கிய 'சுல்தான் மாமுட் மங்காட் டிஜூலாங்' படத்தையும் அது சீர்செய்து திரையிட்டது. பாஸ்கரின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவர்கள் அரங்கில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

தோட்டத்துத் திடலில் கட்டிய வேட்டி

தோட்டப்புறத் தமிழர்களுக்குத் திரைப்படம் முதலில் வந்தது திடலுக்குத்தான். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி. பாயும் தலையணையுமாக முன்வரிசையில் பிள்ளைகள், பின்னால் நாற்காலியில் கிராணியும் மண்டோரும். ரீல் மாற்றும் இடைவெளியில் கச்சான் விற்பனை. இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, எம்.ஜி.ஆர் இடக்கையால் வாள் சுழற்றுவதைப் பார்த்தார்கள். அரசாங்கத் தகவல் இலாகாவின் வேன் வந்தால் முதலில் செய்திப்படம், பிறகுதான் மற்றது. எது சிறந்த படம் என்ற அந்தத் தலைமுறையின் தீர்ப்பு, எந்தப் பெட்டி அந்த மாதம் தோட்டத்துக்கு வந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தது.

அந்த மக்களே திரையில் வந்தது மிகவும் தாமதமாகத்தான். தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. மேற்படிப்புக்கு ஆசைப்படும் ரப்பர் தோட்டத்துப் பெண்ணின் கதை. வெளிநாட்டு விழாக்களில் அதைப் பார்த்தவர்கள் உண்டு, இங்கே பார்த்தவர்களை எண்ணிவிடலாம். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு மக்கள் தள்ளப்பட்ட 1990-களின் தொடக்கத்தில் அப்போய் என்ற சிறுவன் எப்படித் தடம் மாறுகிறான் என்பதை அந்தப் படம் சொன்னது. மறுவருடம் நடந்த மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. கடைசியில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது 'ஜகாட்'டுக்கே போனது.

கல்யாண வீட்டு மேசையில் இந்த இரண்டு பெயரும் வருவது அபூர்வம். மட்டமான படங்கள் என்பதால் அல்ல. 'கர்ணன்' முப்பது முறை தொலைக்காட்சியில் வந்திருக்கும். 'செம்மண் சாலை'யை ஒரு முறை பார்க்க நினைத்தவர் எங்கே போவார்?

இவை டிஜிட்டல் காலத்துப் படங்கள், அழியாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். படச்சுருளைக் குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். ஹார்ட் டிஸ்க் அப்படி அல்ல. அலமாரியில் சும்மா கிடந்தாலே சில ஆண்டுகளில் பழுதாகும், பழுதானால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அது பிழைத்தாலும், பழைய கோப்பைத் திறக்கும் மென்பொருள் மறைந்துவிடும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுச் சாதனத்துக்கு மாற்றி, குறைந்தது இரண்டு இடத்திலாவது பிரதி வைப்பதுதான் காப்பகங்கள் கடைப்பிடிக்கும் முறை. சிறு முதலீட்டில், சொந்தக் காசையும் நண்பர்கள் காசையும் போட்டுப் படம் எடுக்கும் உள்ளூர்த் தயாரிப்பாளருக்கு இதற்குத் தனிச் செலவு இருக்கிறது. படம் ஓடி முடிந்த கையோடு அடுத்த படத்துக்கு ஓடுகிறவர்கள் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. எழுத்து வடிவத் திரைக்கதை, சுவரொட்டி, படப்பிடிப்புப் புகைப்படம் ஆகியவற்றின் கதியும் அதேதான். தோட்டத்துத் திடல்களில் ஓடிய படங்களின் துண்டறிக்கைகளும் நுழைவுச் சீட்டுகளும் ஏதோ ஒரு தாமான் வீட்டு அலமாரியில், தாத்தாவின் சிவப்பு அடையாளக் கார்டுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கக்கூடும். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பெட்டிதான்.

வழக்கப்படி நடந்தால், 'சைட் அண்ட் சவுண்ட்' அடுத்த வாக்கெடுப்பு 2032-இல் வரும். 'ஜகாட்'டுக்கு அப்போது 17 வயது, 'செம்மண் சாலை'க்கு 27. 'சிட்டிசன் கேன்' முதன்முதலாக முதலிடம் பிடித்தபோது அதற்கு வயது 21.